வனிலா மணமும் கள்ளுக்கடை வாசலும்

(‘வீட்டு மது: மரபா, மயக்கமா?’ என்ற தலைப்பில் டோபி காட்டில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன்பு ஒரு தம்பி எழுந்து பேசினார். கடையில் வனிலா காய் வாங்கி, நீளவாக்கில் கீறி, கண்ணாடிப் போத்தலில் மதுவோடு ஊறவைத்திருக்கிறாராம். “மூன்று மாதமாக அலமாரியில் இருக்கிறது, மணம் பிரமாதம். ஆனால் அம்மா போத்தலைப் பார்த்த நாள் முதல் என்னோடு பேசுவதில்லை. இது வெள்ளைக்காரன் பழக்கம், நம் மரபில் இல்லை என்கிறார். நான் செய்தது தப்பா அக்கா?” என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். தம்பிக்கு வேண்டியது வரலாறு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மரபைப் பார்ப்போம். வீட்டிலேயே மது செய்வதும் அதற்கு மணம் சேர்ப்பதும் நமக்கு அந்நியமானவை அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, வீட்டில் சமைத்த கள்ளைத் ‘தோப்பி’ என்கிறது. டோபி காட்டில் உட்கார்ந்து தோப்பியைப் பற்றிப் பேசுகிறோம்! இரண்டு சொல்லுக்கும் உறவு கிடையாது. ஒன்று துணி வெளுப்பவரைக் குறிக்கும் இந்திச் சொல், மற்றது பழந்தமிழ்ச் சொல். அதே நூல் செய்முறையையும் சொல்கிறது. அரிசியைக் கூழாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைதானிய மாவு கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்திருப்பார்கள். முளைதானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், நொதி சர்க்கரையைச் சாராயச் சத்தாக்கும். பீர் செய்பவர்கள் இன்றும் செய்வது இதைத்தான். மூங்கில் குழாயில் நாள்பட விளையவைத்த தேறலும் சங்கப் பாடல்களில் வருகிறது. யவனர் கப்பலில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டிய மன்னன் பொற்கிண்ணத்தில் அருந்தியதாகப் புறநானூறு சொல்கிறது.

மூங்கில் குழாய் என்றேனே, அதைக் கவனியுங்கள். வெறும் சாராயத்துக்குச் சூடு உண்டு, சுவை குறைவு. அதற்குச் சுவையும் நிறமும் கொடுக்க உலகம் முழுவதும் மனிதர்கள் மரத்தைத்தான் நாடியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஓக் மரப் பீப்பாய். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெல்லத்தை ஊறப்போடும் பானையில் வெள்வேல மரத்துப் பட்டையைப் போட்டார்கள். ‘பட்டைச் சாராயம்’ என்று பெயர் வந்தது அப்படித்தான். விஸ்கியில் இனிய வனிலா வாசம் வருகிறது என்பார்கள். அதில் யாரும் வனிலா போடவில்லை. ஓக் மரத்தின் உள்ளே இருக்கும் லிக்னின் என்ற பொருள், பீப்பாயைத் தீயில் வாட்டும்போது சிதைந்து, வனிலின் என்ற மணப்பொருளாகிறது. வனிலா காயில் இருப்பதும் அதே வனிலின். ஆக, காயைப் போத்தலில் போடும் தம்பி, பீப்பாய் பல ஆண்டுகளில் செய்யும் வேலையில் ஒரு பகுதியை மூன்று மாதத்தில் செய்யப் பார்க்கிறார். அவ்வளவுதான்.

*ஒரு சிறுவனின் விரல்*

வனிலா எங்கே இருந்து வந்தது? அது மெக்சிகோவின் காடுகளில் படரும் ஓர் ஆர்க்கிட் கொடி. ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அந்தப் பூவின் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய திரை இருக்கிறது. தாயகத்துக்கு வெளியே அதைத் தாண்டிச் சேர்த்துவைக்க ஆளில்லை. 1836இல் பெல்ஜியத்தில் சார்ல் மோரன் என்ற தாவர அறிஞர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்கவைத்தார். ஆனால் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான பூக்களுக்குச் செய்யக்கூடிய எளிய வழியைக் கண்டுபிடித்தவர் ஒரு சிறுவன்.

இந்தியப் பெருங்கடலில், மொரிஷியஸுக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஆளும் ரீயூனியன் தீவு இருக்கிறது. அன்று அதற்குப் பூர்போன் என்று பெயர். 1841இல் அங்கே சேன் சூசான் என்ற ஊரில் எட்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியால் அந்தத் திரையைத் தூக்கிப் பெருவிரலால் மகரந்தத்தை அழுத்திக் காட்டினான். அந்த விரலசைவுதான் இன்று வரை உலகின் வனிலா தோட்டங்களில் செய்யப்படுகிறது. பூ ஒரு காலைப்பொழுதுதான் விரிந்திருக்கும். அதற்குள் தொட்டுவிட வேண்டும். காய் முற்ற எட்டொன்பது மாதம். பிறகு வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, வெயிலில் காட்டி, பெட்டியில் பல மாதம் பக்குவப்படுத்த வேண்டும். பச்சைக் காய்க்கு அந்த மணமே கிடையாது. பக்குவத்தில்தான் பிறக்கிறது.

1848இல் அடிமைமுறை ஒழிந்தது. எட்மோனுக்கு ‘அல்பியுஸ்’ என்று ஒரு குடும்பப் பெயர் கிடைத்தது. காசு கிடைக்கவில்லை. தீவுக்கே பெருஞ்செல்வம் கொடுத்த அவர் 1880இல் வறுமையில் இறந்தார்.

அடிமைகள் போன பிறகு கரும்பை வெட்டியது யார் தெரியுமா? நம் ஆட்கள். புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ரீயூனியனுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தமிழர் நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்கள் குவிந்ததால் 1882இல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அவர்களின் வழித்தோன்றல்களை அங்கே ‘மல்பார்’ என்கிறார்கள். தமிழ் பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. தீமிதியும் காவடியும் போகவில்லை. மதுரைவீரனும் முனீஸ்வரனும் ‘மர்தேவிரேன்’, ‘மினிஸ்ப்ரேன்’ என்று பெயர் திரிந்து இன்னும் கும்பிடப்படுகிறார்கள். நம் ஊரில் மதுரைவீரனுக்குச் சாராயம் படைப்பார்களே, அங்கே ரம் படைக்கிறார்கள்.

கரும்பு ஆலை இருக்கும் இடத்தில் வெல்லப்பாகு மிஞ்சும். வெல்லப்பாகு மிஞ்சினால் ரம் பிறக்கும். ரீயூனியனில் வீட்டுக்கு வீடு ஒரு கண்ணாடிச் சாடி இருக்கும். கடையில் வாங்கிய 49 விழுக்காட்டு வெள்ளை ரம்மில் வனிலா காய், கரும்புச் சர்க்கரை, லிச்சிப் பழம், அந்தத் தீவுக் காட்டில் விளையும் ஃபஹாம் என்ற ஆர்க்கிடின் இலை என்று வீட்டுக்கு ஒரு கைப்பாகத்தில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். அதற்கு ‘ரம் அரான்ஜே’ என்று பெயர். சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிக்குச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். பாட்டி வைத்த ஊறுகாயைப் பற்றி நாம் பெருமை பேசுவதில்லையா, அதுபோலத்தான் அங்கே இந்தச் சாடி. தம்பி, உங்கள் போத்தலுக்கு உலகத்தில் எங்காவது சொந்த ஊர் உண்டு என்றால் அது இதுதான். வெள்ளைக்காரன் மட்டும் செய்ததில்லை அது. அடிமைச் சிறுவனின் விரலும் தமிழ்க் கூலியின் கத்தியும் அதில் இருக்கின்றன.

*நம் கதை வேறு*

அப்படியானால் சிங்கப்பூர்த் தமிழ் வீட்டில் ஏன் அப்படி ஒரு சாடி இல்லை? ஏன் அம்மா கோபப்படுகிறார்? இங்கேதான் நம் கதை பிரிகிறது.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஃபோர்ட் கேனிங் குன்று. 1822இல் ராஃபிள்ஸ் அந்தக் குன்றின் சரிவில் ஒரு சோதனைத் தோட்டம் போட்டார். ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் வளர்த்தார்கள். 1829இல் செலவைக் காட்டி மூடிவிட்டார்கள். பிறகு ஆர்ச்சர்ட் சாலை நெடுகிலும் ஜாதிக்காய்த் தோட்டங்கள் எழுந்தன. 1850களில் நோய் விழுந்து அவையும் அழிந்தன. குன்றின் அடிவாரத்து ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்தார்கள். அந்த ஓடைதான் பின்னாளில் ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய். மேலே வாசனைப் பயிர், கீழே கைகால் மரத்துப்போகத் தண்ணீரில் நிற்கும் தொழிலாளி. இந்த நகரத்தின் கதையே அதில் அடங்கிவிடும்.

அந்தத் தொழிலாளியின் மாலைப்பொழுதை விற்றுத்தான் இந்த ஊர் தொடக்கத்தில் வருமானம் பார்த்தது. 1820லேயே ரெசிடென்ட் ஃபார்குவார் அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார். கள்ளுக்கும் பங்குக்கும் என்று ஒரு தனிக் குத்தகையே பின்னாளில் இருந்தது. அபினும் சாராயமும் சீனத் தொழிலாளியின் கூலியைத் தின்றன. கள் நம் தொழிலாளியின் கூலியைத் தின்றது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. முதலாளி கொடுத்த கூலி மாலையில் அங்கேயே இறங்கியது. ஊரில் பனங்கள் குடித்துப் பழகியவருக்கு இங்கே தென்னங்கள். அன்று இறக்கியது அன்றே விற்றாக வேண்டும். புளித்துப் போனதையும், கலப்படம் செய்ததையும் கூலிக்காரர் தலையில் கட்டியதாகப் புகார் ஓயாது.

இதை எதிர்த்தவர்கள் நம்மவர்களே. 1929, 30இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பேசினார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு தொடங்கினார். மதுவிலக்கு அந்தச் சீர்திருத்தப் பேச்சின் ஒரு பகுதி. போர் முடிந்த பிறகு கெடா தோட்டங்களில் இளைஞர்கள் ‘தொண்டர் படை’ அமைத்து, 1946, 47இல் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். பீடோங் பகுதியில் போலீஸ் தாக்கித் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். கள்ளை நிறுத்து என்று கேட்டதற்குத் தமிழன் உயிரைக் கொடுத்த மண் இது.

சிங்கப்பூரில் கள்ளுக்கடைகளை அரசே நடத்திவந்தது. கடைசிக் கடைகள் 1979இல் மூடப்பட்டன. நான் அந்தக் கடைவாசலைப் பார்த்தவள். 1960களில் நான் சிறுமி. என் அப்பா நாள்கூலி வேலை. சம்பள நாளன்று மாலை அம்மா என் தலையைச் சீவி, பொட்டு வைத்து, “அப்பா கடையிலே இருப்பார், போய்க் கையைப் பிடிச்சுக்கோ. பேசாதே, கையை மட்டும் விடாதே” என்று அனுப்புவாள். பெரியவள் போனால் சண்டை வரும், குழந்தை போனால் வெட்கப்பட்டு வருவார் என்பது அம்மாவின் கணக்கு. உள்ளே புளித்த வாடை. நீள மேசை, கண்ணாடிக் குவளை, நுரை. அப்பா என்னைப் பார்த்ததும் குவளையைக் கீழே வைத்துவிடுவார். சில நாள் மீதிப் பணம் சட்டைப்பையில் இருக்கும். சில நாள் இருக்காது. இல்லாத நாளில் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

அதே அம்மா, தீபாவளிக்கு முதல் நாள் அப்பாவிடம், “அரைக் குவளை கள்ளு வாங்கிட்டு வாங்க, ஆப்பத்துக்கு வேணும்” என்பாள். கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவில் சுட்ட ஆப்பத்தின் மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. கள் அவளுக்குப் பகையா, துணையா? இரண்டும்தான். மாவில் ஊற்றும்போது அளவு அவள் கையில் இருந்தது. குவளையில் ஊற்றும்போது அளவு அவள் கையிலும் இல்லை, அப்பா கையிலும் இல்லை.

ரீயூனியன் பாட்டியின் சாடிக்கும் எங்கள் கள்ளுக்கடைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அங்கே குடிகாரன் இல்லை என்று சொல்ல வரவில்லை. ரம் அந்தத் தீவிலும் குடும்பங்களை அழித்திருக்கிறது. ஆனால் வனிலா போட்ட சாடி வீட்டுக்குள் இருக்கிறது. மூன்று மாதம் காத்திருக்கிறது. விருந்தாளி வந்தால் திறக்கிறது. கள்ளோ காத்திருக்காது. கூலிக்காரனும் காத்திருக்க மாட்டான். மணம் என்பது காத்திருக்க வசதி உள்ளவனுக்குக் கிடைக்கும் பொருள்.

*மணம் மறைப்பது எதை?*

இப்போது தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. ஊறவைப்பது வேறு, வடிப்பது வேறு. சிங்கப்பூரில் 2004 முதல், 18 வயது நிரம்பியவர் தம் வீட்டில், தம் குடிப்புக்காக மட்டும், மாதம் 30 லிட்டர் வரை பீர், பழமது போன்ற நொதித்த மதுவைத் தயாரிக்க விலக்கு உண்டு. விற்கக் கூடாது. அடுப்பேற்றிச் சாராயம் வடிப்பதற்கு அந்த விலக்கு கிடையாது. இந்த வேறுபாடு வெறும் வரிக்காக மட்டும் இல்லை.

ஒரு காலத்தில் இங்கே கம்பத்துப் பின்புறங்களிலும் காட்டோரங்களிலும் ‘சம்சு’ காய்ச்சினார்கள். கள்ளச் சாராயத்தில் ஆளைக் கொல்வது மெத்தனால். பார்வைக்கும் மணத்துக்கும் அது நல்ல சாராயச் சத்தைப் போலவே இருக்கும். உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். முதலில் பார்வை மங்கும், பிறகு உயிர் போகும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் கலப்பட மது குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் நாள்கூலிகள். என் அப்பாவைப் போன்றவர்கள்.

வனிலா போட்டால் மெத்தனால் போகாது. பட்டை போட்டாலும் போகாது. மணம் நாக்கை ஏமாற்றும், கல்லீரலை ஏமாற்ற முடியாது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. சமையல் எசன்சுகள் போன்றவற்றுக்கு விலக்கு இருந்தது. ஏழைகள் ஜமைக்கா இஞ்சி எசன்சை வாங்கிக் குடித்தார்கள். 1930இல் அதில் ஒரு தொழிற்சாலை ரசாயனத்தைக் கலந்துவிட்டார்கள். பல்லாயிரம் பேருக்குக் கால் விளங்காமல் போனது. வாசனைப் பொருளின் பெயரில் விஷம் வந்த கதை அது. நம் அலமாரியில் கேக்குக்காக வைத்திருக்கும் வனிலா எசன்ஸ் கூட, அசலானதாக இருந்தால், அமெரிக்க விதிப்படி குறைந்தது 35 விழுக்காடு சாராயச் சத்தில் ஊறவைத்ததுதான். வனிலா எதில் நன்றாகக் கரையும் என்பது சமையல்காரருக்கு எப்போதோ தெரியும். மதுவே தொடாத வீட்டிலும் அது இருக்கிறது. அளவும் நோக்கமும்தான் வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்தார். கலவரம் மூண்டது. விசாரணைக் குழு, மதுவும் ஒரு காரணம் என்றது. 2015இல் சட்டம் வந்தது. லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமானது. அன்று நம்மில் எத்தனையோ பேர், “இவர்கள் குடித்துவிட்டு நம் பெயரைக் கெடுக்கிறார்கள்” என்றோம். நானும் மனதுக்குள் சொன்னேன். பிறகு இரவில் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை புல்தரையில் உட்கார்ந்து குடிக்கும் அந்தப் பிள்ளைக்கும், நீள மேசையில் குவளையோடு உட்கார்ந்திருந்த என் அப்பாவுக்கும் என்ன வித்தியாசம்? கையைப் பிடித்து அழைத்துவர ஒரு மகள் இருந்தாள், அவ்வளவுதான்.

தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். கடையில் முறையாக வாங்கிய மதுவில் வனிலா காயை ஊறவைத்தது தப்பில்லை. வடிக்கப் போகாதீர்கள். தெரியாதவர் வடித்ததை வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல மணம் வந்தாலும் சரி. அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அவரிடம், “அம்மா, தாத்தா குடிப்பாரா?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் வரை காத்திருங்கள். மூன்று மாதம் போத்தலுக்காகக் காத்திருந்தவர் நீங்கள், அம்மாவுக்காக ஒரு மாலை காத்திருக்க மாட்டீர்களா?

அந்த வனிலாவில் ஒரு காயை எடுத்து இந்தத் தீபாவளிக்கு அவருடைய பால்கோவாவில் போடச் சொல்லுங்கள். முடிந்தால் எனக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள்.